கர்னலுக்கு வந்த தூக்கம்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை பரிசம். புதன்கிழமை காலையிலேயே தனகோடியின் சமையலறையில் அதிரசம் வேகத் தொடங்கிவிட்டது. அந்த வெல்ல வாசனைக்குச் சத்துவாச்சாரியில் இருந்த எறும்புகள் எல்லாம் குடும்பத்தோடு கிளம்பி வந்திருந்தன. காட்பாடி எறும்புகளுக்கும் சேதி போய், அவை பாலம் தாண்டிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. தனகோடிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கங்காதரன் தோல் ரசாயனம் வாங்கக் கான்பூர் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவன் மனைவி பூரணிக்கும், தம்பி லோகநாதனுக்கும் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தலைமை அலுவலகம் பெங்களூரில். இங்கே மாடி மேல் இரண்டு மேஜை போட்ட கிளை. அந்தக் கம்பெனி விற்ற கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, ஷூவுக்கு மேல்தோல் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறது. சில மாதங்களாக அது வேலைக்கு நடுவே சிலையாக நின்றுவிடுகிறது. தட்டினாலும் அசையாது, திட்டினாலும் அசையாது. லோகநாதன் ஒரே மூச்சில் அதற்கு ஒரு மருந்து எழுதி, போன வாரம் பரீட்சார்த்தமாக ஏற்றினான். அதிலிருந்து மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அதிகாரி வீரபாகு. மனிதர் பூரித்துப்போய், தன் மகள் மனோரமாவையே அவனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மெஷினின் அடிவயிற்றில் இருந்துகொண்டு மற்ற எல்லா வேலைகளையும் ஆட்டிவைக்கும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதில் ஒருவர் கை வைத்தால் இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அது நிரந்தரமாகும். படிக்க வேண்டியவள் பூரணி. அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

கெர்னல் என்ற சொல் தனகோடியின் காதில் கர்னல் என்று விழுந்திருந்தது. அவள் பிறந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர். கர்னல் என்றால் எவ்வளவு பெரிய ஆள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "என் சின்னவன் கர்னலுக்கே வைத்தியம் பாக்கறான்" என்று பால்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் காலை, ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வாசலில் நின்று லோகநாதனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

"இன்னாடி பூரணி, அந்தக் கர்னல் காகிதத்துல கையெழுத்து போட்டியா, இல்லியா?"

"இன்னும் படிக்கிறேன் அத்தை."

"ஒரு வாரமா படிக்கிற. பரீட்சைக்குக்கூட இவ்ளோ படிச்சிருக்க மாட்ட."

"படிச்ச காகிதம் எங்க? மேஜை மேல வெச்சிருந்தேனே."

தனகோடி அதிரசத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்ட, நீளமான கம்ப்யூட்டர் காகிதம் தட்டுக்கு அடியில் மடித்து விரித்திருந்தது. எண்ணெய் ஊறி, எழுத்துகள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது மாதிரி தெரிந்தன.

"நியூஸ் பேப்பரைவிட இதுதான்டி எண்ணெயை நல்லா இழுக்குது."

பூரணி கண்ணை மூடி எண்ணத் தொடங்கினாள். கோபம் அடங்குவதற்கு முன்னால் எண்கள் தீர்ந்துபோயின.

லோகநாதன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்தான்.

"அண்ணி, ஒரு வாரமா ஓடுது. ஒரு தடவை நின்னுதா?"

"நிக்கல."

"அப்புறம் இன்னா?"

"ஏன் நிக்கலன்னு எனக்குப் புரியல."

"நின்னா காரணம் கேக்கறவங்களைப் பாத்திருக்கேன். நிக்காததுக்குக் காரணம் கேக்கறது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"விளையாடாத லோகு. டிஸ்க்குல இருந்து தகவல் வர்ற வரைக்கும் ஒரு வேலை தூங்கும். தகவல் வந்ததும் மெஷின் அதைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டு எப்பவாவது வீணாப் போகுது. வேலை எழுந்துக்கறதே இல்ல, மெஷின் நின்னுடுது. ஏன் வீணாப் போகுதுன்னு நீ பாக்கவே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கடிகாரம் இன்னொரு வாட்டி தட்டட்டும்னு எழுதிட்ட."

"தட்டினா எழுந்துக்குதா, இல்லியா?"

"எழுந்துக்குது. எழுந்து இன்னா பண்ணுது?"

"வேலையைப் பாக்குது. வேற இன்னா பண்ணும், காப்பியா கேக்கும்?"

தனகோடி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "கர்னலை அவன் எத்தினி வாட்டி எழுப்பினா உனக்கு இன்னாடி? சின்னவன் உன்னைவிட மேல போய்டுவான்னு உனக்குப் பொறுக்கல. அதான் விஷயம். நானும் பாத்துட்டுதான் வர்றேன்."

இந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று லோகநாதனைப் பெங்களூருக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்க வைத்ததே பூரணிதான். அதை இப்போது சொன்னால் சொல்லிக்காட்டியதாக ஆகும். சொல்லாவிட்டால் பொறாமை என்று ஆகிறது. எண்ணெய்க் காகிதத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குக் கிளம்பினாள். கூடவே லோகநாதனும் கிளம்பினான்.

அன்றைய வெயிலைப் பற்றிச் சொல்வதானால், பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியில் தோசை வார்த்திருக்கலாம். பாலாற்றில் தண்ணீர் என்ற பேச்சே இல்லை, மணல்தான் கொதித்துக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமல் எல்லோர் மடியிலும் உட்கார்ந்தது. உள்ளூர்க்காரர்கள் மூக்கைச் சுளிக்கவில்லை. வாடை வராவிட்டால்தான் ஷாப்பில் வேலை நிறுத்தமா என்று விசாரிப்பார்கள்.

தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு பலகை: செருப்பை வெளியே விடவும். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிற இடத்தில் அந்த ஓர் அறைக்குள் மட்டும் எல்லோரும் வெறுங்கால். தூசி வந்தால் மெஷினுக்கு ஆகாதாம். உள்ளே ஏசி போட்ட போடில், ஆம்பூரில் பனி பெய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம்.

"வாங்க மாப்ளே, வா பூரணிம்மா." வீரபாகு சிரித்தால் மேஜை மேல் இருக்கும் காகிதங்கள் பறக்கும். "பேனா கொண்டு வந்தியாம்மா, இல்ல என்னுது தரட்டுமா?"

"சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சார் இன்னா சார்? வெள்ளிக்கிழமை வந்தா நாம சம்பந்திங்க. சொல்லு."

பூரணி சொன்னாள். டிஸ்க், தகவல், தூக்கம், தட்டு, கடிகாரம் எல்லாவற்றையும் எண்ணெய்க் காகிதத்தில் விரல் வைத்துக் காட்டினாள். வீரபாகு சரியான இடங்களில் எல்லாம் தலையை ஆட்டினார். முடிந்ததும், "எல்லாம் சரிம்மா. இப்ப ஓடுதா, இல்லியா?" என்றார்.

தன் தலையை அந்த மெஷினில் ஒரு தடவை மோதலாமா என்று பூரணி யோசித்தாள். மெஷின் கம்பெனிச் சொத்து. விட்டுவிட்டாள்.

அப்போது டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்த, சரக்குச் சீட்டு அடிக்கும் அக்தரி பேகம் ஒரு கொட்டாவி விட்டாள். சாதாரணக் கொட்டாவி இல்லை. பக்கத்து டெர்மினலும் சேர்ந்து உள்ளே போயிருக்க வேண்டியது.

"இன்னா அக்தரி, ராத்திரி தூங்கலியா?" என்றார் வீரபாகு.

"தூங்கினதுதான் சார் பேஜார். சஹர் போச்சு." ரமலான் மாதம். விடிவதற்கு முன்னால் சாப்பிட வேண்டியதைச் சாப்பிடாமலே அவள் நோன்பு வைத்திருந்தாள். "எங்க தெருவுல எழுப்பறதுக்கு ஒரு பாபா தஃப் மேளம் அடிச்சிட்டு வருவாரு. நேத்து பெருநாளுக்குத் துணி தைச்சிட்டு நான் தூங்கவே இல்ல. படுக்கலாம்னு பாயை விரிக்கிறேன், அவரு வந்து கதவைத் தட்டறாரு. முழிச்சிட்டுதான் இருக்கேன் பாபான்னேன். இவ எழுந்துட்டான்னு அவரு போய்ட்டாரு. இன்னும் நேரம் இருக்கே, கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம்னு படுத்தேன். எழுந்தா வெயில் மூஞ்சில அடிக்குது."

பூரணிக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"சார், இதேதான் சார் இந்த மெஷினுக்கு. தூங்கலாம்னு ஒரு வேலை முடிவு பண்ணிடுது, ஆனா இன்னும் கண்ணை மூடல. அந்த இடைவெளியில தட்டு வந்துடுது. முழிச்சிட்டு இருக்கறவனைத் தட்டி இன்னா புண்ணியம்? தட்டினவன் போய்ட்டான். இவன் அதுக்கப்புறம் படுக்கறான். இனிமே எழுப்ப ஆள் கிடையாது. மெஷின் நின்னு போச்சு."

வீரபாகுவின் முகத்தில் முதல் தடவையாக விளக்கு எரிந்தது. "அடடே. இவ்ளோதானா?"

"அதுக்குத்தானே மாமா நான் மருந்து எழுதியிருக்கேன்?" லோகநாதன் குறுக்கே பாய்ந்தான். "பாபா ஒரு ரவுண்டு போய்ட்டுத் திரும்பவும் வந்து தட்டறாரு. இவங்க எழுந்துட்டாங்க. தீர்ந்துது."

"பிரமாதம் மாப்ளே."

பூரணிக்கு அழுகை வரும்போல இருந்தது. தான் தேடிப் பிடித்த உதாரணத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மைத்துனன் சவாரி செய்கிறான்.

"அக்தரி, ரெண்டாவது தட்டு விடிகாலை பாங்கு சொன்னதுக்கு அப்புறம் வந்தா நீ இன்னா பண்ணுவ?"

"என் நோன்பை வெச்சு ஏன் அக்கா விளையாடறீங்க? ஏற்கெனவே வயித்துல ஒண்ணும் இல்ல."

"விளையாடல. சொல்லு."

"மணி பாப்பேன். நேரம் தாண்டிடுச்சுன்னா தண்ணிகூட குடிக்க மாட்டேன். யாராவது மணி பாக்காம சாப்டுவாங்களா?"

"லோகு எழுதினது மணி பாக்காம சாப்டும்," என்றாள் பூரணி. "சார், கடிகாரம் தட்டறப்ப டிஸ்க்குல இருந்து தகவல் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். எழுந்த வேலை அதைப் பாக்கறதே இல்ல. எழுப்பிட்டாங்க, அப்ப வந்திருக்கும்னு நெனச்சுட்டு அங்க இன்னா இருக்கோ எடுத்துட்டுப் போகுது. அங்க இருந்தது பக்கத்து ஆளோட தகவலா இருந்தா அதையும் தன்னுதுன்னு எடுத்துக்கும். மெஷின் நிக்காது. தப்பா ஓடும்."



"காட்டுங்க அண்ணி," என்றான் லோகநாதன். குரலில் விளையாட்டு இல்லை. "இப்பவே காட்டுங்க. நானும் பாக்கறேன்."

பூரணி காட்ட முயன்றாள். எல்லா டெர்மினல்களிலும் ஆளை உட்கார வைத்தாள். ஒரே நேரத்தில் தட்டச் சொன்னாள், அச்சடிக்கச் சொன்னாள், தேடச் சொன்னாள். பெண் பார்க்க வந்த வீட்டில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைகூட அவ்வளவு ஒழுக்கமாக இருந்திருக்க மாட்டான். மெஷின் அப்படி நடந்துகொண்டது. மதியச் சங்கு ஊதியது. தையல் பிரிவு சாப்பிடப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. ஒரு புள்ளி மாறவில்லை. மாதக்கணக்காகக் கூப்பிடாமலே நின்று நின்று எல்லோர் உயிரையும் வாங்கிய சனியன், கூப்பிட்டபோது ஒரே ஒரு தப்புக்கு வழி விட மறுத்தது.

"போதும்மா." வீரபாகு தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "ஒரு வாரமா இந்த மெஷின் ஒரு தப்பு பண்ணல. என் கண்ணால பாத்தேன். போடு."

பூரணி பேனாவை வாங்கிக்கொண்டாள். காட்ட ஒன்றும் இல்லை. கையில் இருப்பது ஒரு சந்தேகம், எண்ணெய் ஊறிய காகிதம், வீட்டில் பொறாமைக்காரி என்ற பட்டம்.

"தப்பே பண்ணலன்னா," அக்தரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், "எனக்கு எதுக்கு சார் மெமோ குடுத்தீங்க?"

"அது வேற விஷயம், அக்தரி."

"இன்னா மெமோ?" என்றாள் பூரணி.

"ஜெர்மனிக்குப் போற பிரௌன் மேல்தோல். நான் ஜெர்மனின்னுதான் அக்கா அடிச்சேன். சீட்டு வெளியே வர்றப்ப இத்தாலிக்காரன் பேரு. அப்படியே பெட்டி கட்டி மெட்ராஸ் ஹார்பர் வரைக்கும் போய்ட்டு, அங்க யாரோ பாத்துத் திருப்பி அனுப்பினாங்க. நான் அடிச்சது சரின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது, ஆள்தான் தப்பு பண்ணும்னு சார் எழுதிக் குடுத்துட்டாரு. இன்னொரு மெமோ வந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"எப்ப நடந்தது?"

"லோகநாதன் சார் புதுசு ஏத்தினாரே, அதுக்கு மறுநாள்."

"அந்த நேரம் பக்கத்து டெர்மினல்ல என்ன ஓடிட்டிருந்தது?"

அக்தரி யோசித்தாள். "இத்தாலிக்காரன் சரக்குக் கணக்கைத்தான் அடிச்சிட்டிருந்தாங்க."

பூரணி யாரையும் பார்க்கவில்லை. வெற்றி என்றால் இனிப்பாக இருக்கும் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். அவளுக்கு வாய் கசந்தது.

வீரபாகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பேச்சில் சிரிப்பு குறைந்து, கம்மிய குரல் வந்தது.

"பூரணிம்மா, நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். இது நமக்குள்ள இருக்கட்டும். முதலாளியே பரிசத்துக்கு வர்றாரு. மெஷினைச் சரிபண்ணின மாப்ளேன்னு அவர்கிட்டச் சொல்லித்தான் அழைச்சிருக்கேன். இன்னிக்குக் கையெழுத்து போட்டுடு. வெள்ளிக்கிழமை தாம்பூலத் தட்டு மாத்திப்போம். திங்கக்கிழமை நீ எப்படிச் சொல்றியோ அப்படி மாத்திக்கோ. நடுவுல இருக்கறது நாலு நாள்."

"நின்னுட்டா நின்னது தெரியும், சார். இது தெரியாது. அந்த நாலு நாள்ல எத்தினி பெட்டி மாறிப் போகும்னு யார் கண்டது? ஒவ்வொண்ணுக்கும் இந்தப் பொண்ணுதான் பதில் சொல்லணும்."

"அக்தரிக்கு மெமோ வராம நான் பாத்துக்கறேன்."

"அப்ப வேற யாருக்காவது வரும்."

அவள் காகிதத்தை மேஜை மேல் விரித்து, ஏற்க முடியாது என்று எழுதப் போனாள். பேனா எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி எழுதினாள். மறுபடியும் வழுக்கியது. அத்தையின் அதிரசம் அந்த நேரத்திலும் மகன் பக்கமே நின்றது. மூன்றாவது தடவை காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"தூங்கலாம்னு முடிவு பண்றதுல இருந்து கண்ணை மூடற வரைக்கும் கதவைச் சாத்தி வெக்கணும், லோகு. தட்ட வர்றவன் அதுவரைக்கும் வெளியே நிக்கட்டும். எழுந்த உடனே வேலை மணி பாக்கணும், அதாவது தகவல் வந்துச்சான்னு பாக்கணும். வரலன்னா திரும்பப் படுக்கணும். மாத்தறது ரெண்டே இடம்தான். ஆனா முதல்ல இதை இறக்கணும். நீ இறக்கறியா, நான் இறக்கட்டுமா?"

லோகநாதன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அம்மாவிடம் போய்ச் சொல்கிறேன் என்பான், பெங்களூருக்கு டிரங்க் கால் போடுகிறேன் என்பான் என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எல்லோரையும் டெர்மினலைவிட்டு எழச் சொன்னான். பழைய டேப்பை மாட்டி, தான் எழுதியதைத் தன் கையாலேயே இறக்கினான். டேப் சுற்றி முடிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் பழைய கோலத்தில் எழுந்தது. ஒரு சீட்டு அடித்தது. இரண்டாவது சீட்டில் பாதி அடித்துவிட்டு, சிலையாக நின்றது.

நாள் முழுக்கக் கூப்பிட்டும் தப்பு பண்ணாத மெஷின், வேண்டாத நேரத்தில் பழைய தப்போடு வந்து கும்பிடு போட்டது. பூரணிக்குச் சிரிப்பும் வந்தது, மெஷினை உதைக்கவும் தோன்றியது. வெறுங்கால் என்பதால் உதைக்கவில்லை.

வீரபாகு அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். என்ன இருந்தாலும் அவர் கெட்ட மனிதர் இல்லை.

"அக்தரியோட மெமோவை வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும். மேல கேப்பாங்க. யார் தப்புன்னு எழுதறது?"

"என் பேரை எழுதுங்க, மாமா," என்றான் லோகநாதன்.

பூரணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் அதிரசத்தைக் கடித்துக்கொண்டு பேசியவனா இவன்?

வீரபாகு எழுதத் தொடங்கி, நிறுத்தினார். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சீட்டு மாறிப்போனது தெரிஞ்ச அன்னிக்கு உங்களை வரச் சொன்னேன், மாப்ளே. நீங்க வந்து அரைமணி நேரம் இந்த மெஷின் முன்னாடி தனியா உக்காந்திருந்தீங்க. வெளியே வந்து, மெஷின்ல ஒண்ணும் இல்ல மாமா, அடிச்சவங்க தப்பா இருக்கும்னு சொன்னீங்க. அதை வெச்சுத்தான் நான் மெமோ எழுதினேன். பொண்ணைப் பெத்தவனா கேக்கறேன். அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று தேடுகிற கண் பூரணிக்கு. லோகநாதனின் காது மடல் சிவப்பதை அவள் பார்த்தாள். அது அவமானமா, கோபமா என்று மட்டும் படிக்க முடியவில்லை.

"அண்ணி, நீங்க வெளியே போங்க," என்றான் அவன் மெதுவாக.

"நான் போறேன். அக்தரி?"

அக்தரி துப்பட்டாவைத் தலையில் சரியாக இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்காத குரல், ஆனால் நடுங்கவில்லை.

"நான் எங்கயும் போகல சார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருக்கு. அவரு சொல்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."